சோப்பு தீர்ந்தால் யார் வாங்குவது?

ஐந்து கடிதங்களையும் மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முழுதாக உட்கார்ந்தால் அதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்களோ என்பது போல.

"நாலு பேர் வேண்டாம்னுட்டாங்க. ஒருத்தர் மட்டும் சரின்னிருக்கார். அந்த 'சரி'யைப் படிச்சா 'வேண்டாமே' தேவலைன்னு தோணுது, மேடம்."

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. அதுதான் க்ளெய்ம் மேடத்தின் துப்பறியும் அலுவலகம். பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்தவர். கிடங்கு எரிந்தால் சாம்பலைப் பார்க்காமல் கிடங்குக்காரர் முகத்தைப் பார்ப்பவர் என்று அங்கே சொல்வார்கள். வேலையை விட்டு ஏழு வருடமாகியும் பட்டப்பெயர் மட்டும் விடவில்லை.

பக்கத்து மேஜையில் அவருடைய உதவியாளன் கமெண்ட்ரி. வாய் ஓயாததால் வந்த பெயர். நாற்பத்திரண்டு வயது, மூன்று பெண் குழந்தைகள், வீட்டோடு இரண்டு மைத்துனர்கள். முன்பு கொரியர் கொடுத்தவன் என்பதால், எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் வேலை செய்யாது என்பது அவனுக்கு அத்துப்படி.

"அக்கா, முதல்லேருந்து சொல்லுங்க," என்றான் அவன். "எனக்கு முதலீட்டாளர்னா, என் மைத்துனனுக்குக் கைமாத்து குடுத்துட்டு ரெண்டு வருஷமா தெரு மாறிப் போற பக்கத்து வீட்டுக்காரர் மட்டும்தான் தெரியும்."

அவள் சொன்னாள். பன்னிரண்டு வருடம் வார்டு நர்ஸாக இருந்தவள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியை நேரத்துக்குப் புரட்டிப் போடாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அதற்காகவே மெத்தைக்கு அடியில் விரிக்கும் ஒரு பட்டையைச் செய்திருந்தாள். ஒரே இடத்தில் அதிக நேரம் எடை அழுத்தினால் நர்ஸின் செல்போனில் மணி அடிக்கும். மூன்று ஆஸ்பத்திரிகள் ஆயிரம் பட்டை கேட்கின்றன. செய்து கொடுக்க முதல் இல்லை. புதுக் கம்பெனிகளில் பணம் போடும் ஐந்து பேரைத் தேடிப் போனாள்.

"அஞ்சு பேருமே ஆவலா கேட்டாங்க. ஒருத்தர் பன்னிரண்டு சதவீதப் பங்கு போதும்னு வாயாலயே சொன்னார். திடீர்னு ஒரே வாரத்துல நாலு பேர் விலகிட்டாங்க. அஞ்சாவது ஆள் நாற்பது சதவீதம் கேக்கறார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். இவங்க கூடிப் பேசி வெச்சுக்கிட்டுத்தான் செய்யறாங்க. வக்கீல்கிட்ட சொன்னா, 'நாலு பேருக்கு உன்னைப் பிடிக்கலைன்னா அது சதியாம்மா?'ன்னு சிரிக்கறார்."

"தனித்தனியா பிடிக்கலைன்னா அது அவங்க இஷ்டம். கூடிப் பேசிப் பிடிக்காமப் போனா குற்றம்," என்றார் மேடம்.

"ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்," என்றான் கமெண்ட்ரி. "வாங்கறவங்க ஒண்ணுபட்டா விக்கறவங்களுக்குத் திண்டாட்டம்."

மேடம் ஐந்தாவது கடிதத்தை இரண்டு முறை படித்தார். பதினான்காம் நிபந்தனையில் அவர் விரல் நின்றது.

"'நிறுவனர் தமது வார இறுதி மருத்துவமனைப் பணியை உடனே கைவிட வேண்டும்.' நீங்க இன்னும் ஷிப்ட் போறீங்களா?"

"சனி, ஞாயிறு. வாடகைக்காக." அவள் முகம் சிறுத்தது. "ஆனா இவங்ககிட்ட நான் சொல்லவே இல்லையே. முழு நேரமும் கம்பெனிதான்னு சொல்லியிருந்தேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அம்மா போயிட்டாங்க. அண்ணன் பேசறதில்லை." கொஞ்சம் யோசித்தாள். "செவ்வாய்க்கிழமை வட்டத்துல மட்டும் ஒரு தடவை சொன்னேன்."

தனியாகக் கம்பெனி தொடங்கியவர்கள் வாரம் ஒருமுறை கூடி மனம்விட்டுப் பேசும் இடம் அது. ஏழு பேர். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பதுதான் ஒரே சட்டம். ஒரு கவுன்சலர் அம்மா நடத்துகிறார். காசு வாங்குவதில்லை.

"காசு வாங்காத கவுன்சலரா!" கமெண்ட்ரி எழுந்தே விட்டான். "மேடம், கேஸ் முடிஞ்சுது. பில் போடட்டுமா?"

"உட்காரு. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. நமக்கு ஒரு கம்பெனி வேணும்."

"வாடகைக் குடை," என்றான் அவன், நெடுநாளாக நெஞ்சில் வைத்திருந்தவன் போல. "மழை வந்தா செல்போன்ல தட்டணும். பக்கத்துக் கடையில குடை. மழை விட்டா வேற கடையில திருப்பிக் குடுக்கலாம். சிரிக்காதீங்க மேடம், இது ஓடும்."

*

ஒரு டைப்பிங் பயிற்சி நிலையத்தின் மூன்றாவது மாடி. வகுப்புகள் ஐந்தரைக்கு முடிந்துவிடும். ஆறு மணிக்கு மெஷின்களுக்கெல்லாம் உறை போட்டு ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். நர்ஸும் மேடமும் முன்பின் தெரியாதவர்கள் போல எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

கவுன்சலர் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மேடம் வழக்கம்போல முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. நல்லவர்களின் முகத்திலும், நன்றாகப் பழகிய திருடர்களின் முகத்திலும் ஒன்றும் பிடிபடாது.

பால் கெடுவதற்கு முன்பே நிறம் மாறும் மூடியைச் செய்யும் ஒருவர், தன் ஒரே ஊழியரும் போய்விட்டதைச் சொன்னார். பழைய துணியில் பள்ளிப் பை தைக்கும் பெண், நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் சாயங்காலம் போன் எடுத்தால் தன் குரலே தனக்குத் தெரியவில்லை என்றாள். நர்ஸுக்கு இடப்பக்கம் இருந்தவர் நாற்பதை ஒட்டியவர், இஸ்திரி போட்ட சட்டை. காது கேளாதவர்கள் வீட்டில் அழைப்புமணி அடித்தால் விளக்கு எரியும் கருவி செய்கிறாராம். பேசத் தொடங்கி நாலாவது வாக்கியத்திலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டார். பக்கத்திலிருந்த நர்ஸ் அவர் முழங்கையைத் தொட்டாள்.

மேடத்தின் முறை வந்தது. குடைக் கதையைச் சொன்னார். மாதக் கடைசிக்குள் கட்டடக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டதாகவும் சேர்த்துச் சொன்னார். அதுதான் அவர் வைத்த முதல் பொறி. அது பொய் என்பது அவருக்கும் கமெண்ட்ரிக்கும் நர்ஸுக்கும் மட்டுமே தெரியும்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் இதையெல்லாம் யார்கிட்ட சொல்வீங்க?" என்று கேட்டார் கவுன்சலர்.

இந்தக் கேள்விக்கு மேடம் பொய் தயாரித்து வரவில்லை.

"கதவைத் திறந்ததும் 'வந்துட்டேன்'னு சொல்வேன்," என்றார். "பழக்கம். அவர் விட்டுட்டுப் போய் ஆறு வருஷமாச்சு. பையன் கப்பல்ல வேலை பார்க்கறான், மாசத்துக்கு ரெண்டு தடவை கூப்பிடுவான். உள்ள யாரும் இல்லைன்னு தெரியும். ஆனாலும் சொல்வேன்."

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. தலையாட்டினார்கள், அவ்வளவுதான். பல வருடங்களாக யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத எட்டுப் பேரிடம் சொல்லிவிட்டோமே என்று மேடத்துக்கு வெட்கமாக இருந்தது. அதோடு தோளிலிருந்து ஏதோ இறங்கியதும் தெரிந்தது. இப்படி இறங்கும் இடத்தில்தான் யாரோ பை விரித்து வைத்திருக்கிறான் என்பதை நினைத்தபோது கோபம் வந்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகு கவுன்சலரிடம் தனியாக இரண்டாவது பொறியை வைத்தார். "வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு என்னை மொத்தமா வாங்கக் கேக்குது. இன்னும் யாருக்கும் சொல்லலை."

கீழே தெருவில் கமெண்ட்ரி காத்திருந்தான். "அழுதீங்களா மேடம்? கண்ணு ஒரு மாதிரி இருக்கு."

"டைப்பிங் மெஷின் தூசி."

"அதுக்குத்தான் உறை போட்டிருக்காங்களே," என்றவன், அவர் முகத்தைப் பார்த்ததும் அதிசயமாக வாயை மூடிக்கொண்டான்.

*

மேடத்துக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் சொல்லிவைத்ததில், திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அந்த ஐந்து பேரில் ஒருவர் நேரம் கொடுத்தார். கண்ணாடிச் சுவர்கள் வைத்த பெரிய அறை. அவர் கமெண்ட்ரி சொன்ன குடைக் கதையைப் பொறுமையாகக் கேட்டார். கமெண்ட்ரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. வெயிலுக்கு நிறக்குடை, ஜோடிகளுக்குப் பெரிய குடை என்று கூட்டிக்கொண்டே போனான்.

"நல்ல யோசனை," என்றார் அவர் மேடத்திடம். "என்ன, நிதானமா யோசிக்க உங்களுக்கு நேரம் இல்லை. நாங்க பணம் போட்டா இங்கயே ரெண்டு மேஜை தர்றோம். மாசக் கடைசிக்கு மேல தெருவுல நிக்க வேண்டியதில்லை, பாருங்க."

மேடம் கண் இமைக்கவில்லை. "பெரிய உதவி சார்."

"வேற யாராவது உங்க கம்பெனியைக் கேட்டு வந்திருக்காங்களா?"

"யாரும் இல்லை."

வெளியே வந்து லிஃப்டுக்குள் கதவு மூடியதும் கமெண்ட்ரி குதித்தான். "முதல் பொறியில எலி! அந்த வட்டத்துலேருந்துதான் சேதி வந்திருக்கு. கவுன்சலர் அம்மாவைப் பிடிச்சுடலாம்."

"பிடிக்க முடியாது. வேற யாராவது வந்திருக்காங்களான்னு கேட்டார் பார்த்தியா? வெளிநாட்டுக் கம்பெனி விஷயம் அவருக்குத் தெரியலை. அதை அந்த அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அந்த அம்மா வாய் திறக்கலை. வட்டத்துல உட்கார்ந்த மத்தவங்கள்ல ஒருத்தர்."

மத்தியானம் இரண்டாவது முதலீட்டாளரின் காரியதரிசியைக் கூப்பிட்டு மேடம் நேரம் கேட்டார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. குடைத் திட்டத்தை இன்று காலை பார்த்தவரோடேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது என்று ஐயா சொல்கிறார்.

"காலையில யாரைப் பார்த்தோம்னு நான் சொல்லவே இல்லையே," என்றார் மேடம், போனை வைத்துவிட்டு.

"டாக்சி ஸ்டாண்டு மேடம்! முன்னால நிக்கற வண்டியில ஏறுங்கன்னு பின்னால இருக்கறவன் கை காட்டுவானே, அதேதான். வரிசைப்படி சவாரி. பேரம் பேசினா எந்த வண்டியும் நகராது."

"வாயால சொன்னா, இந்த மாதிரிக் கூட்டை விசாரிக்கற போட்டி ஆணையம் நம்பாது. எழுத்துல வேணும். அது அந்த உளவு ஆள்கிட்டதான் இருக்கும். ஏழு பேர்ல நம்ம நர்ஸை விட்டா ஆறு பேர். எல்லாருமே கஷ்டப்படற மாதிரிதான் தெரியறாங்க."

"கஷ்டப்படற மாதிரி நடிக்கறது சுலபம். நானே மாசம் ஒருநாள் நடிக்கிறேன், மைத்துனன் கைமாத்து கேக்கற அன்னிக்கு."

மேடம் ஜன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே போயிருந்த தன் மனைவிக்குப் போன் போட்டு, வரும்போது ஒரு கட்டுப் பேப்பரும் கை கழுவ ஒரு சோப்பும் வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னக் கடை. எது தீர்ந்தாலும் அவர்களேதான் ஓட வேண்டும்.

"கமெண்ட்ரி," என்றார் மேடம் மெதுவாக. "நம்ம ஆபீஸ்ல சோப்பு தீர்ந்தா யார் வாங்கறது?"

"நான்தான். ஏன், தீர்ந்துடுச்சா?"

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அதே ஏழு பேர், அதே உறை போட்ட மெஷின்கள். பேச்சு கனமாகிக்கொண்டிருந்த நேரத்தில் மேடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. உங்க ஆபீஸ்ல கை கழுவற சோப்பு தீர்ந்தா யார் வாங்குவா?"

அந்த அறையில் முதல் முறையாகச் சிரிப்பு கேட்டது. "நான்தான்!" என்றார் மூடிக்காரர். "ஊழியர் இருந்தப்பவும் நான்தான். அவர் போனதுலேருந்து ஒரே சோப்பு ஆறு வாரம் வருது." பள்ளிப் பைப் பெண் வீட்டுச் சோப்பைப் பாதியாக வெட்டிக் கொண்டுபோவதாகச் சொன்னாள். இன்னொருவர், ஆஸ்பத்திரிக்கு வியாபாரம் பேசப் போனால் அங்கிருந்து ஒரு குட்டி சோப்பு பாட்டிலாவது பையில் ஏறாமல் திரும்புவதில்லை என்று ஒப்புக்கொள்ள, நர்ஸ் "திருடா!" என்று சிரித்தாள். ஆளாளுக்குச் சோப்புக் கதை.

கைக்குட்டைக்காரர் முறை வந்தது.

"எங்க ஆபீஸ்லயா? அது..." அவர் புருவத்தைச் சுருக்கினார். "எப்பவும் இருக்குமே."

சொல்லி முடித்த கணமே அவருக்குப் புரிந்துவிட்டது. மற்ற யாரும் கவனிக்கவில்லை. அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் அவரைப் பார்த்தார். டீ இடைவேளை விட்டதும் கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார் அவர்.

கட்டட வாசலில் கமெண்ட்ரி வழியை மறித்து நின்றான், ரொம்ப மரியாதையாக. "சார், இடைவேளையிலயே கிளம்பிட்டீங்களே. படம் பிடிக்கலையா?"

மேடம் இறங்கி வந்தபோது அவர் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஓடும் உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

"தனி ஆள் நடத்தற கம்பெனியில எதுவுமே 'எப்பவும் இருக்காது' சார்," என்றார் மேடம். "எத்தனாவது மாடி அந்த ஆபீஸ்?"

"நாலாவது மாடி." அவர் தலை நிமிரவில்லை. "நீங்க திங்கக்கிழமை ஏறின அதே கட்டடம்தான். உங்களைக் கண்ணாடி வழியா பார்த்தேன். கம்பெனி நடத்தறவங்க அங்க வந்தா நாற்காலியில ஒட்டாம உட்காருவாங்க. நீங்க வசதியா உட்கார்ந்திருந்தீங்க. அப்பவே சந்தேகம்."

"அப்ப ஏன் அவங்ககிட்ட சொல்லலை?"

"தெரியலை."

கமெண்ட்ரிக்குப் பொறுக்கவில்லை. "நடிப்பு பிரமாதம் சார். அழுகைக்குத் தனியா சம்பளமா, இல்லை எல்லாம் சேர்த்தா?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "அழுகை என்னோடது. அழைப்புமணிக் கம்பெனியும் நிஜம். மூணு வருஷம் முன்னாடி நானும் அந்த அஞ்சு பேர்கிட்ட போனேன். நாலு பேர் விலகினாங்க, ஒருத்தர் கழுத்தைப் பிடிச்சார். பதினோரு மாசத்துல மூடியாச்சு. மனைவி குழந்தையைக் கூட்டிட்டுப் போயிட்டா. போனே அடிக்காத வீட்டுல எட்டு மாசம் இருந்தேன். அப்புறம் அடிச்சுது. அவங்கதான். 'நிறுவனர் நலன்'னு ஒரு வேலை தர்றோம்னாங்க. இந்த வட்டத்துல போய் உட்காரணும். யார் எவ்வளவு நாள் தாங்குவாங்கன்னு புதன்கிழமை காலையில எழுதி அனுப்பணும். அவங்க அஞ்சு பேரும் இருக்கற குரூப்புல."

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே. மாட்டிக்கிட்ட பயம் இல்லையா?"

"இருக்கு. ஆனா..." அவர் தேடிப் பிடித்துப் பேசினார். "வாரத்துல ஒரு நாள், எப்படி இருக்கேன்னு என்னை யாராவது கேக்கறது மேல, அந்த வட்டத்துலதான். கேட்டவங்களைப் பத்தித்தான் மறுநாள் எழுதுவேன். அறுபத்திமூணு புதன்கிழமை. எழுதினது எல்லாம் என் போன்ல இருக்கு. அவங்க பதிலும் இருக்கு. 'இந்த ஆள் எனக்கு, மத்தவங்க விலகுங்க.' மத்த நாலு பேரும் கட்டைவிரல் படம் போட்டிருப்பாங்க."

கமெண்ட்ரி மறித்த வழியை விட்டு ஒதுங்கி நின்றான்.

"அது எனக்கு வேணும்," என்றார் மேடம்.

"தர்றேன். ஆனா முதல்ல மேல போய் நானே சொல்லணும். நீங்க சொல்லி அவங்களுக்குத் தெரியக்கூடாது."

"அடிச்சாங்கன்னா?"

"அடிக்கட்டும்."

*

மூவரும் ஏறியபோது கவுன்சலர் டீ டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கைக்குட்டைக்காரர் உட்காரவில்லை. தன் நாற்காலியின் பின்னால், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார். எதையும் குறைக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. மனைவி போனதையோ வீட்டில் போன் அடிக்காததையோ அவர் ஒரு வார்த்தை எடுக்காததை மேடம் கவனித்தார்.

அவர் முடித்ததும் மேடமும் எழுந்தார். "நானும் பொய் சொல்லித்தான் இங்க வந்தேன். எனக்குக் குடைக் கம்பெனி கிடையாது. துப்பறியறது என் தொழில். வீட்டுல யாரும் இல்லைன்னு சொன்னது மட்டும் நிஜம்."

கவுன்சலர் டம்ளர்களோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பதினஞ்சு மாசம்," என்றார். "இங்க பேசினது வெளிய போகாதுன்னு வாராவாரம் நான் சொல்லிட்டிருந்தேனே." மூடிக்காரர் கையை முறுக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தார். கமெண்ட்ரி குறுக்கே போய் நின்றான்.

நர்ஸ்தான் பேசினாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"என்னைப் பத்தி என்ன எழுதினீங்க?"

"வேண்டாம்மா."

"படிங்க."

அவர் போனை எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை. எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரிந்திருந்தது.

"'மெத்தைப் பட்டை செய்பவர். சனி, ஞாயிறு ஆஸ்பத்திரி ஷிப்ட் போகிறார், மறைக்கிறார். தூங்குவதில்லை. நன்றாக இருப்பதாகச் சொல்கிறார், இல்லை. வீட்டில் யோசனை கேட்க ஆள் கிடையாது. கெடு வைத்தால் போதும். கையெழுத்துப் போட்டுவிடுவார்.'" அவர் விரலால் திரையை நகர்த்தினார். "கீழ, அவங்க பதில். 'சரி. எனக்கு. நாற்பது.' அப்புறம் நாலு கட்டைவிரல்."

தன்னை இவ்வளவு சரியாக ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதும், கவனித்தது எதற்காக என்பதும் ஒரே நேரத்தில் வந்து நர்ஸின் மேல் மோதின. ஒரு வாரம் முன்பு அவர் முழங்கையைத் தொட்ட அவள் கை மடியில் கிடந்தது. அவள் அழப்போகிறாள் என்று மேடம் நினைத்தார்.

அவள் பையிலிருந்து அந்த ஒப்பந்தத்தை எடுத்தாள். முதல் பக்கத்தின் மூலை மடங்கியிருந்தது. நிறைய தடவை எடுத்து எடுத்து வைத்திருக்கிறாள்.

"வீட்டுல கேக்க ஆள் இல்லைன்னு எழுதினது சரிதான்," என்றாள். "இங்க கேக்கறேன். வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போடட்டுமா?"

"வேண்டாம்," என்றார் மூடிக்காரர்.

"வேண்டாம் அக்கா," என்றாள் பள்ளிப் பைப் பெண்.

வேண்டாம். வேண்டாம். வேண்டாம். வட்டம் ஒரு சுற்று வந்தது. கவுன்சலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். மேடம், "வேண்டாம்," என்றார்.

"ஓடியிருக்க வேண்டிய குடைக் கம்பெனி சார்பா நானும் வேண்டாம்கிறேன்," என்றான் கமெண்ட்ரி, நின்ற இடத்திலிருந்தே. அழுகைக்கு நடுவே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

கைக்குட்டைக்காரரிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. போனை மேடத்தின் கையில் வைத்தார். புகாரில் ஆறு பேர் பெயர் இருக்கும் என்று பேசி முடித்தபோது, ஏழாவது பெயராகத் தன்னுடையதை எழுதச் சொன்னார். தள்ளியே நின்று சொன்னார்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்க இருப்போம்," என்றாள் நர்ஸ் அவரிடம். "நீங்க வராதீங்க."

"வரலை," என்றார் அவர்.

*

வெள்ளிக்கிழமை ஐந்து மணி வந்து போனது. கையெழுத்து போகவில்லை. ஆறு மணிக்குள் முதலீட்டாளரின் ஆள் இரண்டு முறை கூப்பிட்டான். நர்ஸ் அன்று கூடுதல் ஷிப்டுக்காக வார்டில் இருந்ததால் எடுக்கவில்லை. சனிக்கிழமை கேட்டது நாற்பதிலிருந்து முப்பதானது. திங்கட்கிழமை காலை மேடம் வணிகப் போட்டி ஆணையத்தில் நூற்றுப் பத்துப் பக்கப் புகாரைக் கொடுத்து முத்திரை வாங்கிய செய்தி எப்படியோ கசிந்ததும், முன்பு விலகிய நாலு பேரில் ஒருவர் தாமே நர்ஸைக் கூப்பிட்டார். பன்னிரண்டே போதும், தமக்கும் அந்தக் குரூப்புக்கும் சம்பந்தமில்லை என்றார். அவருடைய கட்டைவிரல் எண்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது. நர்ஸ் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். விசாரணை முடிய வருடங்கள் ஆகலாம். ஆனால் அந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் நம்பாத முதல் வாரம் அது.

புகார் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, சாட்சியாக வந்திருந்த கைக்குட்டைக்காரர் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். வேலை போய்விட்டது. சட்டையில் இஸ்திரி இல்லை.

"உங்க வாக்குமூலம் இன்னும் எழுத வேண்டியிருக்கு," என்றார் மேடம். "அறுபத்திமூணு வாரம். நாலஞ்சு தடவை உட்காரணும்."

"எப்ப வேணாலும் வர்றேன். எனக்கு வேற வேலை இல்லை." கொஞ்சம் தயங்கினார். "செவ்வாய்க்கிழமை ஆறு மணி மட்டும்தான்... என்ன பண்றதுன்னு தெரியாத நேரம். நாளைக்கு அந்த நேரம் எப்படிப் போகும்னு காலையிலேருந்து யோசிக்கிறேன்."

மேடம் அவர் முகத்தைப் பார்த்தார். பதினெட்டு வருடமும் ஏழு வருடமும் பொய்யைத் தேடிப் பார்த்த அதே பார்வை. தேடியது கிடைக்கவில்லை.

"அப்ப செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கே வாங்க," என்றார். "ஜெராக்ஸ் கடைக்கு மேல."

பஸ் வந்தது. அவர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கை காட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி தூக்கிய கையோடு போனார்.

"மேடம்," என்றான் கமெண்ட்ரி. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் சீக்கிரம் கிளம்பலாம்தானே? நீங்க ரெண்டு பேர் போதுமே எழுதறதுக்கு."

"கிளம்பாதே. நாங்க ரெண்டு பேரும் எழுதிட்டு உம்முன்னு உட்கார்ந்திருப்போம். யாராவது ஒருத்தர் பேசணும்ல?"